சலமான்கா 1812: என் பிரெஞ்சுச் சிப்பாய்களின் கோட்டு தவறா?

மூன்றாம் வரிசை:

வணக்கம். மேஜையில் போர் விளையாட 28 மி.மீ. அளவுச் சிற்றுருவங்களில் நெப்போலியன் காலத்துப் படை சேர்க்க ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. எல்லாப் போருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று வாங்காமல் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டேன். 1812 ஜூலை 22, சலமான்கா. ஸ்பெயினில் வெலிங்டனின் பிரிட்டிஷ் படை பிரெஞ்சுப் படையை வென்ற போர். அதிலும் பிரெஞ்சுத் தளபதி தோமியேரின் டிவிஷனில் இருந்த 62-ஆம் லைன் (சாதாரணக் காலாட்படை) ரெஜிமென்ட். அன்று மாலை அவர்களுடைய கழுகுச் சின்னத்தை பிரிட்டிஷ் 44-ஆம் ரெஜிமென்ட் கைப்பற்றியது. அந்தக் கழுகு இன்றும் இங்கிலாந்தில் செம்ஸ்போர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணால் பார்க்கக் கிடைக்கிற ஒரு பொருளிலிருந்து படையைத் தொடங்க ஆசைப்பட்டேன்.

சிக்கல் இதுதான். நான் வாங்கிய பெட்டியின் மேல் ‘பிரெஞ்சுக் காலாட்படை 1812–15’ என்று இருந்தது. சலமான்காவும் 1812-தான். சந்தேகமே வரவில்லை. 42 உருவங்களையும் ஒட்டி, பிரைமர் அடித்து, 18 பேருக்கு நீலமும் பூசிவிட்டேன். போன வாரம் எதிர்ப்பக்கம் விளையாடும் நண்பர் ஓர் உருவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இவர்கள் லைப்சிக் போக வேண்டியவர்கள், சலமான்காவுக்குச் சேர மாட்டார்கள்” என்றார். லைப்சிக் 1813-இல் நடந்த போர். கோட்டின் பின்வால் குட்டையாக இருக்கிறதாம்.

அவர் சொல்வது சரியா? சரியென்றால் பூசியதைச் சுரண்டிவிட்டு ஏதாவது மாற்ற முடியுமா, அல்லது புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தத் துல்லியம் என்பதை எங்கே நிறுத்துவது? பித்தான் வரை போனவர்களையும் பார்க்கிறேன், நீலம் என்றால் நீலம் என்று விட்டவர்களையும் பார்க்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈயமும் தூரிகையும்:

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் ஒன்றையும் சுரண்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். இதே 1812 என்னையும் ஒருமுறை வழுக்கிவிட்டது. சலமான்காவுக்காக பிரிட்டிஷ் 88-ஆம் ரெஜிமென்ட், கன்னாட் ரேஞ்சர்கள், 36 பேரைப் பூசினேன். மஞ்சள் காலர், மஞ்சள் கைமடிப்பு, எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தலையில் மட்டும் முன்பக்கம் உயர்ந்து நிற்கும் பெல்ஜிக் ஷாக்கோ (விறைப்பான உயரத் தொப்பி). அந்தத் தொப்பிக்கான ஆணை 1812-இல் வந்தது என்று படித்திருந்தேன், அதனால் நிம்மதியாக இருந்தேன். ஆணை வந்தது லண்டனில். ஸ்பெயினில் நடந்துகொண்டிருந்த படைக்கு அந்தத் தொப்பி அந்த ஜூலையில் போய்ச் சேரவே இல்லை. அவர்கள் பழைய உருளை ஷாக்கோவோடுதான் பேக்கன்ஹாமின் மூன்றாம் டிவிஷனில் நின்று உங்கள் தோமியேர் மேல் பாய்ந்தார்கள். 36 தலைகளையும் கழுத்தோடு அறுத்து, வேறு தலை வாங்கி ஒட்டி, மறுபடி பூசினேன். ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

அன்றிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு வழக்கம்: ஒரு சீருடைக்கு வருடம் போட்டிருந்தால், அது காகிதத்தின் வருடமா, துணியின் வருடமா என்று முதலில் கேட்பது. காகிதத்தில் கையெழுத்தாவது ஒரு நாள் வேலை. துணி நெய்து, தைத்து, டிப்போவிலிருந்து மலை தாண்டி, கொரில்லாப் போராளிகள் வழிமறிக்கும் சாலையில் வண்டி போய்ச் சேர்ந்து, பழைய கோட்டு கிழிந்து, புதியது முதுகில் ஏறும்வரை எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் ஆணையில் எழுதுவதில்லை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு வருவோம். உங்கள் பெட்டியில் இருப்பது பார்டின் ஒழுங்குமுறைப்படியான கோட்டு. 1812 ஜனவரியில் ஆணை. மார்பு மடிப்பு இடுப்புவரை நேராக இறங்கி மூடிவிடும், பின்வால் குட்டை. படையில் அது பரவலாகத் தெரிய ஆரம்பிப்பது 1813-இல், ரஷ்யாவில் அழிந்த படைக்குப் பதிலாகப் புதிதாக ஆள் எடுத்தபோது. சலமான்காவில் நின்றவர்கள் அணிந்தது அதற்கு முந்தைய கோட்டு. அதில் மார்பு மடிப்பு கீழே போகப்போக வளைந்து விலகும், நடுவில் வெள்ளை உள்சட்டை முக்கோணமாகத் தெரியும், பின்வால் முழங்காலின் பின்பக்கம் வரை தொங்கும்.

வால் போன்ற சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு என்று தோன்றலாம். விளையாடும்போது நம் படையின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. எதிரில் இருப்பவர்தான் பார்க்கிறார். நான்கு மணி நேரம் நம் கண்ணில் படுவது முதுகு: தோல்பை, அதன் மேல் சுருட்டிக் கட்டிய மேலங்கி, அதன் கீழே கோட்டின் வால். உங்கள் 42 பேரின் வாலும் குட்டையாக இருந்தால் அந்த நான்கு மணி நேரமும் நீங்கள் 1813-ஐத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நான் ஒரு பெட்டி வாங்கும் முன் முதலில் பார்ப்பது பின்பக்கப் படத்தைத்தான்.

ஆகவே அந்த 42 பேரை அப்படியே முடியுங்கள். லுட்ஸன், பவுட்ஸன், லைப்சிக் எல்லாம் 1813. அப்புறம் வாட்டர்லூவும் அதே கோட்டுதான். நல்ல படை வீணாகவில்லை, போர்தான் மாறியிருக்கிறது. சலமான்காவுக்கு முந்தைய கோட்டு உள்ள பெட்டி வேண்டும். உருவம் தயாரிக்கும் நிறுவனங்களில் பெர்ரியில் 1807–14 என்று போட்ட பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, விக்ட்ரிக்ஸில் 1807–12. இரண்டிலும் நீள வால்.

துல்லியத்தை எங்கே நிறுத்துவது என்று கேட்டீர்கள். என் கணக்கில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிழலுருவம்: தொப்பி, கோட்டின் வெட்டு, கால். அடுத்தது ஆளை இன்னாரென்று காட்டும் நிறம்: காலர், குஞ்சம், தோள்குஞ்சம். பித்தானில் ரெஜிமென்ட் எண்ணை எழுத வேண்டியதில்லை, 28 மி.மீ. அளவில் அது ஒரு புள்ளி. ஆனால் ஷாக்கோவின் முன்தகட்டில் பழையது சாய்சதுரம், 1812-இன் தகடு பிறை மேல் உட்கார்ந்த கழுகு. அது கண்ணுக்குத் தெரியும். தெரிவதைச் சரியாகச் செய்யுங்கள்.

இன்னொன்று. ஆணையில் இருப்பது அணிவகுப்பு உடை. ஸ்பெயினில் நான்கு வருடம் நடந்தவன் அப்படி இருக்க மாட்டான். முழங்காலுக்கு மேல் ஏறும் காலுறையும் வெள்ளை அரைக்காற்சட்டையுமாக 24 பேரை நிறுத்தினால் அது பாரிஸ் அணிவகுப்பு. தொளதொளத்த நீளக் காற்சட்டை கொடுங்கள். சிலருக்கு உள்ளூர்ப் பழுப்புத் துணி, சிலருக்கு அழுக்கு வெள்ளை. ஷாக்கோவுக்கு உறை போடுங்கள். தோல்பை ரோமத்தோடு இருக்கும் கன்றுத்தோல், எந்த இரண்டும் ஒரே நிறத்தில் இருந்ததில்லை, ஒருவனுக்குச் செம்பழுப்பு, பக்கத்தவனுக்கு வெள்ளையும் கறுப்பும் கலந்தது. இந்த வேறுபாடு முதுகில் வருவதால் மேஜையில் படை சட்டென்று உயிர் பெறும்.

கம்பெனி விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடாக இருங்கள். 1808 பிப்ரவரி ஆணைக்குப் பிறகு பிரெஞ்சு பட்டாலியன் ஆறு கம்பெனி: நான்கு பியூசிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்டிஜர் (முன்னோடிச் சுடும் இலகு வீரர்கள்). காகிதத்தில் கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. போர்க்களத்தில் அந்த எண்ணிக்கை அபூர்வம். ஓர் உருவத்துக்கு 20 ஆள் என்று வைத்தால் 24 உருவம் 480 ஆள், ஸ்பெயினுக்குப் பொருத்தமான அளவு. கம்பெனிக்கு நான்கு பேர் என்று கச்சிதமாகப் பிரியும். வலக்கோடியில் கிரெனடியர், சிவப்புத் தோள்குஞ்சம். இடக்கோடியில் வோல்டிஜர், மஞ்சளும் பச்சையும். நடுவில் பியூசிலியர் நான்கு கம்பெனிக்கும் ஷாக்கோ குஞ்சம் முறையே கரும்பச்சை, வானநீலம், செம்மஞ்சள், ஊதா. கிரெனடியருக்கு மட்டும் குட்டை வாளும் இருப்பதால் மார்பில் இரண்டு வார் குறுக்கே போகும், பியூசிலியருக்கு ஒன்றுதான். பெட்டியில் எல்லோருக்கும் இரண்டு வார் வைத்த உருவங்களைக் கலந்துவிட்டால் அங்கேயே பிசகும்.

ஆறு மில்லிமீட்டர்:

மேலே உள்ளவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் வேறு ஒரு துல்லியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அந்த 24 பேரையும் இரண்டு வரிசையில் நிறுத்துவீர்கள். எதிரே பிரிட்டிஷ் பட்டாலியனும் அதே 24 பேர், அதே இரண்டு வரிசை, அதே அகலம். இது கோட்டைவிடப் பெரிய தவறு என்று எனக்குப் படுகிறது.

480 பேர் கொண்ட பிரெஞ்சு பட்டாலியன் மூன்று வரிசையில் நின்றால் அகலத்தில் 160 பேர். அதே 480 பேர் பிரிட்டிஷ்காரர்கள் என்றால் இரண்டு வரிசை, அகலத்தில் 240 பேர். ஒன்றரை மடங்கு நீளம். அத்தனை துப்பாக்கியும் ஒரே சமயத்தில் சுட முடியும். பிரெஞ்சு நெடுவரிசைகள் பிரிட்டிஷ் அகல வரிசையின் முன் தடுமாறியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது முக்கியமானது. மேஜையில் இரண்டும் ஒரே அகலத்தில் நின்றால் அந்தக் காரணமே காணாமல் போய்விடுகிறது.

நான் 6 மி.மீ. அளவுக்குப் போனது இதற்காகத்தான். என் பிரெஞ்சு பட்டாலியன் மூன்று வரிசையில் நிற்கிறது. கையளவு இடத்தில் ஒரு பிரிகேட் தெரிகிறது. வால் நீளமா குட்டையா என்று எனக்கும் தெரியாது, எதிராளிக்கும் தெரியாது. ஆனால் தோமியேர் டிவிஷன் முன்னால் போய்ப்போய் மற்றவர்களிடமிருந்து எவ்வளவு விலகிவிட்டது என்பது தெரிகிறது. அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் வெலிங்டன் அடித்தார். அது மேஜையில் தெரியாவிட்டால் அது சலமான்காவே இல்லை.

பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் சைபோர்ன் செய்த வாட்டர்லூ போர்க்களச் சிறுமாதிரியை நினைத்துப் பாருங்கள். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார், இப்போது அங்கே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 75,000 உருவங்கள், ஒவ்வொன்றும் 10 மி.மீ. உயரம். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அவர் கேட்டது அன்று மாலை ஏழு மணி அளவில் உங்கள் படை எந்த அமைப்பில் நின்றது, எதிரே எதிரி எப்படி நின்றான், வயலில் என்ன பயிர் இருந்தது என்பவை. பயிரைக் கேட்ட மனிதர்! எனக்கு அவர்தான் முன்மாதிரி. நம்மில் எத்தனை பேர் சரியான கோட்டைப் பூசிவிட்டு அதை மொட்டைப் பச்சை விரிப்பில் நிறுத்துகிறோம்?

ஈயமும் தூரிகையும்:

சைபோர்னைச் சொன்னதற்கு நன்றி. அந்த மாதிரியின் முன் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. அகலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையும் முழுதாக ஏற்கிறேன். 28 மி.மீ. அளவிலும் அதற்கு வழி உண்டு: பிரெஞ்சுக்காரரின் அடித்தட்டை ஆழமாகவும் குறுகலாகவும் வெட்டி ஆறு உருவத்தை மூன்று வரிசையில் இரண்டிரண்டாக ஒட்டுங்கள். பிரிட்டிஷ்காரருக்கு ஆறு பேரை இரண்டு வரிசையில் மும்மூன்றாக. தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த ஒன்றரை மடங்கு தானாக வந்துவிடும். என் படை அப்படித்தான் நிற்கிறது.

ஆனால் சைபோர்னின் மாதிரியிலேயே ஒரு விட்டுக்கொடுப்பு இருக்கிறது. நிலத்துக்கு ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்று அளவு எடுத்தார். அந்த அளவுக்கு 10 மி.மீ. சிப்பாய் மிகப் பெரியவன், அதனால் ஓர் உருவம் இரண்டு ஆளுக்குச் சமம் என்று வைத்தார். யாராக இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் முகத்தை விட்டுக்கொடுத்தீர்கள். நான் நிலத்தை விட்டுக்கொடுத்தேன். எனக்கு அந்த மனிதனின் முகம் வேண்டும். வாயைத் திறந்து தோட்டா உறையைப் பல்லால் கடிக்கும் ஒருவனைப் பூசும்போது, இவன் அன்று மாலை என்ன ஆனான் என்று நினைக்காமல் நான் தூரிகையைக் கீழே வைத்ததில்லை.

அவுரி:

நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் பகுதி.

மூன்றாம் வரிசை, 18 பேருக்குப் பூசிய நீலம் எது? பிரெஞ்சுக் கோட்டு அவுரியில் தோய்த்த ஆழ்நீலம், நேரில் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். அதை அப்படியே சின்ன உருவத்தில் பூசினால் மடிப்புகள் எல்லாம் செத்துப்போகும், இரண்டு அடி தள்ளி நின்றால் கறுப்புப் பொம்மை. அடிப்பூச்சை ஆழமாக வைத்து அதன் மேல் ஒரு படி வெளிறிய நீலத்தை மேடுகளில் இழுங்கள். அளவு சின்னதாகச் சின்னதாக நிறத்தை இன்னும் வெளிற வைக்க வேண்டும்.

அவுரி அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்றால், பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் அது வராமல் போனதால் 1806-இல் நெப்போலியன் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்துப் பார்த்தார். சில ரெஜிமென்ட்கள் அணிந்தன, 1807-இல் கைவிட்டார்கள். நீலப் படைக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளை பட்டாலியன் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு அந்தக் குறுகிய காலம் மட்டும்தான் நியாயமான இடம். சலமான்காவுக்கு வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் சிவப்பு ஒரே சிவப்பு அல்ல. சாதாரணச் சிப்பாயின் கோட்டு மஞ்சட்டி வேரில் தோய்த்தது, செங்கல் சாயல் உள்ள மங்கிய சிவப்பு. அதிகாரிகளுடையது கொச்சினீல் பூச்சியின் சாயம், பளிச்சென்ற சிவப்பு. ஒரே பட்டாலியனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதிகாரி எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டியிருக்காது.

பழைய ஈய உருவங்கள் கையில் வந்தால் ஓக் மர அலமாரியில் மூடி வைக்காதீர்கள். அந்த மரம் வெளியிடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். என் தந்தை வைத்திருந்த பதினொரு குதிரைவீரர்கள் அப்படித்தான் போனார்கள். குதிரைகளின் கால்தான் முதலில் போனது. அந்தப் பொடி நச்சு, வெறுங்கையால் தொட வேண்டாம்.

மூன்றாம் வரிசை:

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து முடிவெடுத்துவிட்டேன். 42 பேரும் லைப்சிக் போகிறார்கள். 62-ஆம் ரெஜிமென்டுக்கு நீள வால் பெட்டி சொல்லிவிட்டேன். அடித்தட்டு மூன்று வரிசை ஆழத்துக்கு வெட்டப் போகிறேன். அந்த யோசனை இல்லாவிட்டால் இன்னும் இரண்டு வரிசையில்தான் நிறுத்தியிருப்பேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. முதல் பட்டாலியனுக்குக் கழுகு சரி, இரண்டாம் பட்டாலியனையும் பின்னால் செய்ய நினைக்கிறேன், அதற்கும் கழுகு வைக்கலாமா? கொடி மூன்று நெடும்பட்டையா? அப்புறம், எதிரே பிரிட்டிஷ் தளபதி லெ மார்ச்சன்டின் கனரகக் குதிரைப்படை வேண்டும். ஹெல்மெட் போட்ட உருவங்கள் அழகாக இருக்கின்றன.

ஈயமும் தூரிகையும்:

ஹெல்மெட் வேண்டாம்! மறுபடியும் அதே 1812. பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படைக்கு ஹெல்மெட்டும் புதிய கோட்டும் அந்த வருடத்து ஆணைதான், சலமான்காவுக்கு வந்து சேரவில்லை. 5-ஆம் டிராகூன் கார்டுகள், 3-ஆம், 4-ஆம் டிராகூன்கள், மூவரும் குறுக்கே வைத்த பழைய இருமுனைத் தொப்பியோடுதான் பாய்ந்தார்கள். லெ மார்ச்சன்ட் அந்தப் பாய்ச்சலில் இறந்தார். குதிரைப்படைக்கு வாள்வீச்சுப் பயிற்சி முறையை எழுதியவரே அவர்தான், 1796 மாதிரி இலகுக் குதிரைப்படை வாளின் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. அவருடைய உருவத்துக்குத் தனி அடித்தட்டு கொடுங்கள்.

கழுகு: 1804-இல் பட்டாலியனுக்கு ஒன்று. 1808-க்குப் பிறகு ரெஜிமென்டுக்கே ஒன்று, அது முதல் பட்டாலியனிடம். இரண்டாம் பட்டாலியனுக்கு வெறும் வெள்ளைச் சிறுகொடி போதும். மூன்றாவது சிவப்பு, நான்காவது நீலம் என்று போகும். கொடியில் மூன்று நெடும்பட்டை என்பது 1812 மாதிரி, அதைத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 1804 மாதிரி: நடுவில் வெள்ளைச் சாய்சதுரம், மூலைகளில் நீலமும் சிவப்பும் மாறி மாறி முக்கோணமாக.

முதல் நான்கு பேர் முடிந்ததும் படம் போடுங்கள். பின்பக்கத்திலிருந்து எடுத்த படம்.